பால்மா டின்னில் வார்த்த கொங்கிரீட்

என் வேலை கொங்கிரீட் உடைப்பது. பதுளை டவுனில், பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், கட்டடப் பொருள்களைச் சோதித்துக் கொடுக்கும் சின்ன ஆய்வுகூடம் ஒன்றில் பல வருடமாக இதைத்தான் செய்கிறேன். எங்காவது வீடோ பாலமோ கட்டும்போது, கலந்த கொங்கிரீட்டில் கொஞ்சத்தை எடுத்து இரும்பு அச்சில் சதுரக் கட்டியாக வார்ப்பார்கள். இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து எங்களிடம் கொண்டுவருவார்கள். நான் அதை இயந்திரத்தில் வைத்து நசுக்கி, எவ்வளவு பாரத்தில் உடைந்தது என்று எழுதிக் கொடுப்பேன். கட்டி தாங்கினால் கட்டடமும் தாங்கும் என்று வைத்துக்கொள்வார்கள். தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒற்றை அறை வரிசை வீட்டில் பிறந்த பொம்பளைக்கு இது என்ன வேலை என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

அன்றைக்கு வந்த மூன்று கட்டிகளும் நன்றாகத் தாங்கின. கேட்ட பாரத்துக்கு மேலேயே தாங்கின. உடைந்த துண்டுகளை அள்ளிக் கொட்டப் போனவள், சும்மா ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். சாம்பல் நிறச் சீமெந்து, கருங்கல் சல்லி, இடையிடையே பழுப்பாக ஆற்று மணல். வெள்ளை மணி ஒன்றுகூட இல்லை. மற்ற இரண்டையும் சுத்தியலால் தட்டித் தட்டி இன்னும் சின்னதாக உடைத்தேன். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். அவற்றிலும் இல்லை.

கூட வந்த படிவத்தில், மணலில் பாதி அரைத்த பீங்கான் என்று எழுதியிருந்தது. நமுனுகுலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கட்டும் பன்னிரண்டு வீட்டுக்கான கொங்கிரீட் அது. அந்தப் பன்னிரண்டில் ஏழாம் நம்பர் வீடு என் அக்காவுடையது.

பீங்கான் கதையைச் சொல்லாவிட்டால் என் கோபம் யாருக்கும் விளங்காது. எங்கள் பக்கத்தில் ஆறுகளைத் தோண்டித் தோண்டி, பாலங்களின் கால் அடி வரைக்கும் வெளியே தெரிகிற நிலைமை வந்துவிட்டது. மணல் லொறிக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருந்து வந்தாலும் பாதி மண்ணாக இருக்கும். கீழ்நாட்டில் ஒரு பீங்கான் தொழிற்சாலை இருக்கிறது. கை கழுவும் பேசினும் கக்கூஸ் கொமட்டும் செய்கிற இடம். சூளையில் கோணியது, கீறியது, விளிம்பு பெயர்ந்தது எல்லாவற்றையும் பின்பக்கத்தில் மலையாகக் குவித்துவைத்திருந்தார்கள். அதை மணல் அளவுக்கு நொறுக்கி, ஆற்று மணலில் பாதிக்குப் பதிலாகப் போடலாம் என்று யாரோ யோசித்தார்கள். நல்ல யோசனை. அதை நான் மறுக்கவில்லை. எங்கள் ஆய்வுகூடத்தில் என் கையாலேயே எத்தனையோ தடவை வார்த்து உடைத்துப் பார்த்திருக்கிறேன். நொறுக்கும்போது வரும் மாவுத் தூளைச் சலித்து எறிந்துவிட வேண்டும். முதல் நாளே நனைத்து வைக்க வேண்டும், இல்லையென்றால் கலக்கும்போது அது தண்ணீரையெல்லாம் குடித்துவிடும். பாதிக்கு மேல் போடக்கூடாது. இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தால் ஆற்று மணலுக்கு அது இளைத்தது இல்லை.

ஆனால் அதை முதலில் எங்கே போட்டுப் பார்ப்பது என்று பேச்சு வந்தபோது, வீட்டுத் திட்டத்துக்குப் பொறுப்பானவர்கள் கூட்டிய கூட்டத்தில் ஒருவர்கூட யோசிக்கவில்லை. தோட்டத்து வீட்டில் என்று ஒரே வாயாகச் சொல்லிவிட்டார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அதிகாரிகளுக்குக் கட்டுகிற குவார்ட்டர்ஸில் முதலில் போட்டுப் பார்க்கலாமே என்று கேட்டேன். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அன்றைக்கே வயிறு எரிந்தது.

எரிந்த வயிற்றோடு அதே தோட்டத்துக்கு அந்த மணலுக்காகப் பேசப் போனவளும் நான்தான். அங்கே லயத்துக்குப் பின்னால் மலை கீறியிருந்தது. அந்தக் கீறல் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் நீண்டது. அக்காவின் காம்பிராவில், அவள் இருக்கிற அந்த லயத்து அறையில், பின்சுவர் வெடித்து, அந்த வெடிப்பில் என் உள்ளங்கை போகும். இடம் ஆபத்து என்று கடிதம் கொடுத்திருந்தார்கள். எங்கே போவது என்று அந்தக் கடிதத்தில் இல்லை. மழை வலுத்தால் குழந்தை குட்டிகளோடு எல்லாரும் பிள்ளை மடுவத்துக்குப் போய், பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற அந்த ஒரே அறையில் நெருக்கிப் படுப்பார்கள். கொஸ்லந்தப் பக்கத்தில் மண் சரிந்து கொண்டுபோன லயத்தை அங்கே யாரும் மறக்கவில்லை. புதுவீடு அடுத்த மழைக்கு முன்னால் வேண்டும். எந்த மணலில் கட்டுவது என்று சண்டை போட அவர்களுக்கு நேரமில்லை, அதனால்தான் கூட்டத்தில் இந்த மணலை அவர்கள் தலையில் கட்டினார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் கூட்டம் போட்டு, கைப்பிடிப் பீங்கான் மணலைக் காட்டிப் பேசினேன்.

"கொமட்ட அரைச்சா எங்களுக்கு வீடு கட்டப் போறாங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"யாரும் குந்தாத கொமட்டுதாங்க" என்றேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

அக்கா சிரிக்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேலாகக் கொழுந்து பறிக்கிறவள். எனக்கு மூத்தவள். அம்மா போன பிறகு என்னைப் படிக்க வைத்தது அவள் கூடைதான். "நல்ல தேயிலய எல்லாம் கப்பல்ல ஏத்திட்டு, அடியில கெடக்கிற டஸ்ட்ட எங்களுக்குக் குடுத்தாங்க. இப்ப மணலும் அப்படித்தானா?" என்றாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

நான் ஆய்வுகூடத்தில் செய்வதையெல்லாம் சொன்னேன். எப்படிச் சலிப்போம், எப்படி நனைப்போம், எப்படி அச்சில் வார்த்து இருபத்தெட்டு நாள் தண்ணீரில் போட்டு உடைத்துப் பார்ப்போம் என்று விலாவாரியாகச் சொன்னேன். என் கையால் உடைத்துப் பார்த்தது, நம்பு அக்கா என்றேன்.

"நீ சொல்றியேன்னுதான் புள்ள" என்றாள் அவள்.

வீடு கட்டுகிற ஏற்பாடு இதுதான். சாமான்களும் மேசனும் ஒப்பந்தக்காரர் பொறுப்பு. கலக்குவதும் சுமப்பதும் வீட்டுக்காரர்கள் பொறுப்பு. அதாவது, காலையில் மலையில் கொழுந்து பறித்துவிட்டு, பின்னேரம் வந்து பெண்கள் கொங்கிரீட் கலந்தார்கள். ஒப்பந்தக்காரர் பதுளை பஜாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிற முதலாளி. அவருடைய பாட்டனும் எங்கள் பாட்டனும் கடல் தாண்டி வந்தது ஒரே காலத்தில்தான் இருக்கும். அவர்கள் கடைக்குப் போனார்கள், நாங்கள் மலைக்குப் போனோம். அதிலிருந்து அவர்களுக்கு நாங்கள் "தோட்டத்து ஆளுங்க" ஆகிவிட்டோம்.

வெள்ளை மணி இல்லாத துண்டை எடுத்துக்கொண்டு நான் முதலில் போனது எங்கள் சேரிடம். ஆய்வுகூடத்தை நடத்துகிற ஓய்வுபெற்ற எஞ்சினியர். நல்ல மனுசன், ஆனால் எந்த வம்புக்கும் பத்தடி தள்ளி நிற்பவர். துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். பார்த்ததுமே அவருக்கும் விளங்கிவிட்டது, முகத்தில் தெரிந்தது.

"கொண்டு வந்தத உடைக்கிறோம், எவ்வளவு தாங்குச்சுன்னு சொல்றோம். எங்கேருந்து வந்துச்சுன்னு தோண்டுறது நம்ம வேல இல்லம்மா" என்று துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் முதலாளி அறிக்கை வாங்க வந்தார். நான் துண்டை மேசையில் வைத்துக் கேட்டேன். மனுசன் மறைப்பார், மழுப்புவார் என்று நினைத்தேன். அவருக்கு அந்தக் கூச்சம்கூட இல்லை.

"ஆமா தங்கச்சி, கட்டிய நம்ம கடை முத்தத்துலதான் வார்த்தோம். நல்ல ஆத்து மணல். அந்தப் பொம்பளைங்க கலக்கிறத நம்பி அனுப்ப முடியுமா சொல்லுங்க? ஒரு கட்டி ஊத்திக்கிச்சுன்னா பன்னெண்டு வீட்டு வேலயும் நின்னுரும்."

"அப்ப அங்க தூணுல இருக்கிறது தாங்குமா தாங்காதான்னு உங்களுக்கே தெரியாதா?"

"ஒத்த மாடி. மேல தகரம். தாங்காம எங்க போகப் போவுது?" என்றவர், கொஞ்சம் குனிந்து குரலைத் தணித்தார். "நீங்களும் தோட்டம்தானே. உங்க அக்கா வீடும் அதுல இருக்குதாம்ல. பேசாம எழுதிக் குடுங்க. மழைக்கு முன்ன சாவி அவங்க கையில இருக்கும்."

அறிக்கை பின்னேரம்தான் என்று ஆத்திரத்தோடு சொல்லி அனுப்பினேன். தூணில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே பன்னிரண்டு குடும்பத்தை அதன் கீழே படுக்கப்போடுகிற மனுசன், எனக்கு ஏதோ உபகாரம் செய்கிற மாதிரிப் பேசுகிறார். அந்த ஆத்திரத்துக்கு நடுவில் இன்னொன்றும் நடந்தது, அதையும் மறைக்க மாட்டேன். அவர் சொன்னது எனக்கு ஆசையாக இருந்தது. சாப்பாட்டு நேரம் முழுவதும் பார்சலைப் பிரிக்காமல் உட்கார்ந்து, பேசாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். வாயை மூடினால் அக்காவுக்கு வீடு. வாயைத் திறந்தால் அவளுக்கு அந்த வெடித்த சுவர், அதற்குப் பின்னால் கீறிய மலை. ஆனால் அந்தத் தூண்கள் சரியில்லாமல் இருந்தால்? நம்பு அக்கா என்று சொன்னது நான்.

குறிப்பு என்று போட்டிருந்த பெட்டியில் ஒரு வரி எழுதினேன்: சோதித்த கட்டிகளில் பீங்கான் மணல் காணப்படவில்லை. சேர் அதை இரண்டு தடவை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். அதற்காக அவரை இன்றைக்கும் மதிக்கிறேன்.

நான் எழுதியது ஒப்பந்தக்காரரின் ஏமாற்று. திட்டத்துக்குப் பொறுப்பானவர்கள் அதை வாசித்தது வேறு மாதிரி. மாற்று மணலின் தரத்தில் சந்தேகம் எழுந்துள்ளதால் வேலையை நிறுத்தவும் என்று தோட்டத்துக்குக் கடிதம் போனது. மணல் மேல் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. திட்ட ஆபீசுக்குப் போன் எடுத்துச் சத்தம் போட்டேன். அந்தப் பக்கத்தில் பேசியவர் நிதானமாக, தோட்டத்து ஆட்கள் கலந்ததால் வந்த பிழையாகவும் இருக்கலாம், எதற்கும் பார்ப்போம் என்றார். கடை முற்றத்தில் வார்த்த கள்ளக் கட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குற்றவாளி முதலாளி, பழி மணலுக்கும் பொம்பளைகளுக்கும். முதலாளி அதோடு விடவில்லை. "உங்க ஆளுதான் எழுதி நிப்பாட்டுச்சு" என்று தோட்டத்தில் போய்ச் சொல்லியிருக்கிறார். அக்கா என் போனை எடுக்கவில்லை.

லீவு போட்டுவிட்டுப் போனேன். புதுவீடுகள் கூரை இல்லாமல் நின்றன. தூண்களின் தலையில் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. அக்கா மலையில் என்றார்கள். பகல் நிறுவைக்கு இறங்குகிற இடத்தில் போய் நின்றேன்.

வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. கொழுந்து சருகாகாமல் இருந்தால் போதும் என்கிற மாதிரி வெயில். பெண்கள் வரிசையாகச் சாக்கைத் தராசில் மாட்டினார்கள். அக்காவின் முறை வந்தது. முள் பதினேழில் நின்றது. நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. கணக்கப்பிள்ளை தலையைத் தூக்காமல் "பதினாலு" என்றார். கொழுந்தில் ஒட்டிய தண்ணிக்கு இரண்டு, சாக்குக்கு ஒன்று கழித்துவிட்டார். அந்த வெயிலில், தண்ணிக்கு இரண்டு. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதும் இதே பேச்சுத்தான். அக்கா இடுப்பில் செருகியிருந்த பேனாத் துண்டை எடுத்து உள்ளங்கையில் 17 என்று எழுதிக்கொண்டாள்.

இதை எங்கள் தோட்டத்துப் பெண்கள் எல்லாரும் செய்வார்கள். வீட்டுக்குப் போனதும் கையில் இருப்பதைச் சுவர்க் கலண்டரில் அன்றைய கட்டத்தில் எழுதி வைப்பார்கள். தோட்டத்து ஆபீசில் ஒரு நாளும் யாரும் அந்தக் கலண்டரைக் கேட்டதில்லை. கேட்டாலும் நம்பப் போவதில்லை. ஆனாலும் வருடம் முடிந்தால்கூடப் பழைய கலண்டரைக் கிழித்துப் போடாமல் சுருட்டி வைப்பார்கள். தராசு நின்ற இடம் தங்களுக்கும் தெரியும் என்று இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கூடையோடு மேலே நடந்தவளுக்குப் பின்னால் ஓடினேன். நான் கேட்ட முதல் கேள்வியை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. "தண்ணி கூட ஊத்திட்டீங்களா அக்கா? ஒழுங்கா சலிச்சீங்களா, ஊற வெச்சீங்களா?" என்று கேட்டேன்.

அக்கா நின்றாள். "அந்த மொதலாளி எங்கள ஒரு வார்த்த கேக்கல. வேல நிப்பாட்டினவங்களும் கேக்கல. கேக்க வந்தவ நீ, அவங்க வாயாலயே கேக்கிற."

அவள் விடவில்லை.

"சலிச்சோம். மாவு மூக்குல ஏறி ஒரு வாரம் இருமிக்கிட்டுத் திரிஞ்சோம். மொத நாளே நனைச்சு, வெயிலுக்குக் காயாம ஈரச் சாக்கு போட்டு மூடினோம். தாச்சிக்குத் தாச்சி எண்ணித்தான் போட்டோம், பாதிக்கு மேல ஒரு தாச்சி போடல. மேசன் தண்ணி ஊத்து தண்ணி ஊத்துன்னான், இழுக்கச் சுளுவா இருக்கும்னு. ஊத்த மாட்டோம்னு வாளியத் தூக்கிட்டுப் போயிட்டோம். இது எங்க வீடு புள்ள. இதுல யாரு ஏமாத்தப் போறா?"

"தெரியும்கா. ஆனா அத நிரூபிக்க முடியாதே" என்றேன்.

"வா" என்றாள்.

லயத்துக்குக் கீழே பீலி இருக்கிறது. மலைத் தண்ணீர் குழாய் வழியாக வந்து விழுகிற இடம். அதற்கு அடியில் துணி கழுவுகிற பழைய சீமெந்துத் தொட்டி. அக்கா கூடையை இறக்கிவைத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகி, தொட்டிக்குள் கையை விட்டாள். ஒரு பால்மா டின்னைத் தூக்கினாள். குழந்தைப் பால்மா வருகிற உயரமான டின். உள்ளே விளிம்பு வரைக்கும் கொங்கிரீட். டின்னில் ஆணியால் வீட்டு நம்பரும் வார்த்த தேதியும் கீறியிருந்தது. அடுத்ததைத் தூக்கினாள். அதற்கடுத்ததை. மொத்தம் பதினொன்று. ஒரு வீட்டுக்கு மட்டும் டின் கிடைக்கவில்லையாம்.

"ஒவ்வொரு தடவ கலக்கும்போதும் ஒண்ணு எடுத்து வெச்சோம். அச்சு எங்கன்னு மொதலாளிக்கிட்ட கேட்டோம். அது டவுன்ல இருக்கு, உங்களுக்கு எதுக்குன்னாரு. நீதானே சொன்ன, கல்லு தண்ணியில இருபத்தெட்டு நாள் கெடக்கணும்னு. அதான் போட்டு வெச்சோம்."

கோயில் முன்னால் நான் சும்மா விலாவாரியாகப் பேசியதை வைத்து இவ்வளவும் செய்திருக்கிறார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. தராசு அடுத்தவன் கையில் இருந்தால் தன் உள்ளங்கையில் எழுதிக்கொள்கிறவர்கள், கொங்கிரீட்டிலும் அதையே செய்திருக்கிறார்கள். தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அழுதேன். வெட்கத்தில் வந்த அழுகை அது.

"பால்மா டின்னுக்கு எந்தப் புத்தகத்துலயும் இடமில்லக்கா. சரியான அச்சுல வார்க்காதத செல்லாதும்பாங்க" என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"உன் மெசினு இத உடைக்காதா?"

"உடைக்கும்."

"அப்புறம் என்னா?" என்றாள்.

புதன்கிழமை காலை அக்கா பதுளைக்கு வந்தாள். பதினொரு டின்னையும் ஈரச் சாக்கில் சுற்றி, கொழுந்துச் சாக்கில் போட்டு, முதல் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். ஒரு சுமைக் கொழுந்தின் பாரம் இருக்கும். பஸ் நிலையத்திலிருந்து தலையில் வைத்து நடந்தே வந்தாள். என்னைக் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்டதற்கு, இதற்கெல்லாமா கூப்பிடுவது என்றாள்.

சேர் சாக்குக்குள் எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, பால்மா டின்னு. இதுக்கு ஸ்டாண்டர்ட் எதுவும் கெடையாது" என்றார்.

"கொண்டு வந்தத உடைக்கிறோம், எவ்வளவு தாங்குச்சுன்னு சொல்றோம்னு நீங்கதானே சேர் சொன்னீங்க? இவங்க கொண்டு வந்திருக்காங்க" என்றேன்.

எனக்கு வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். சேர் பதிவுப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துத் திறந்தார். மாதிரி கொண்டுவந்தவர் பெயரைக் கேட்டு எழுதினார். அதற்குப் பக்கத்தில் நிறுவனம் என்று ஒரு கட்டம். அதில் கொந்தராத்துக் கம்பெனிகளின் பெயர்தான் வரும்.

"இதுல என்ன போடுறது?" என்று அக்காவையே கேட்டார்.

அக்கா யோசித்தாள். "ஏழாம் நம்பர் வீடுன்னு போடுங்க சேர்" என்றாள். அவர் அப்படியே போட்டார்.

டின்களைச் சுற்றி வெட்டி உரித்தேன். இரண்டு முனையையும் சமப்படுத்திப் பூசினேன். பூச்சு இறுகும் வரை அக்கா வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஆபீஸ் தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "டவுன்லயும் டஸ்ட்தானா" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். பதினொன்றும் தாங்கின. சேர் தன் கையால் ஒரு கடிதம் எழுதினார். இவை முறையான மாதிரிகள் இல்லை, ஆனால் தூண்களிலேயே துளைத்து எடுத்துப் பார்க்காமல் வேலையை நிறுத்தி வைப்பது நியாயம் இல்லை என்று. பத்தடி தள்ளி நிற்கிற மனுசன், அதற்காகத் திட்ட ஆபீசுக்கு இரண்டு தடவை நேரிலும் போனார். தூண்களைத் துளைத்து எடுத்தார்கள். எடுத்த துண்டெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பீங்கான் மணி. அவையும் தாங்கின. வேலை மறுபடி தொடங்கியது. மழை அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. மழை தொடங்கிய பிறகு சில நாள் பிள்ளை மடுவத்தில் கிடந்துதான் புதுவீட்டுக்குப் போனார்கள். திறப்புவிழாவில் மாலை முதலாளிக்கு. சிறந்த மேற்பார்வை என்று அவரைப் புகழ்ந்தார்கள். கழிவுப் பீங்கானில் கட்டிய முன்மாதிரி வீடுகள் என்று பலகை நட்டார்கள். அதில் யார் யாருடைய பெயரோ இருக்கிறது, கலந்தவர்களுடையது இல்லை. இதைச் சொன்னால் அக்கா, "வீடு நிக்குதுல்ல, விடு" என்கிறாள். நான் விடவில்லை. ஒவ்வொரு தடவை போகும்போதும் அந்தப் பலகையைப் பார்த்துத் திட்டிவிட்டுத்தான் மேலே ஏறுகிறேன்.

ஆனால் அந்தப் பலகையைவிட என்னை அறுப்பது அந்தப் புதன்கிழமைதான்.

முதல் டின் ஏழாம் நம்பருடையது. இயந்திரத்தில் வைத்து முடுக்கினேன். அக்காவும் சேரும் இயந்திரத்தின் பாதுகாப்புக் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். முள் ஏறிக்கொண்டே போனது. நான் எதிர்பார்த்த இடத்தைத் தாண்டியும் ஏறியது. பிறகு தடாரென்று வெடித்தது. அவள் திடுக்கிட்டுப் பின்னால் போனாள். உடைந்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். வெள்ளை மணிகள் உள்ளே எல்லாப் பக்கமும் சமமாகப் பரவியிருந்தன. நாங்கள் எழுதுகிற கணக்கைச் சொன்னால் அவளுக்குப் புரியாது என்று, அவளுக்குப் பழகிய கணக்கில் சொன்னேன்.

"இருபதாயிரம் கிலோ தாங்கியிருக்கு அக்கா."

அவள் பேனாத் துண்டை எடுத்தாள். உள்ளங்கையை விரித்தாள். எழுதவில்லை. பேனாவைக் கைக்கு மேலே பிடித்துக்கொண்டு சேர் பக்கம் திரும்பினாள்.

"தண்ணிக்கு எவ்வளவு கழிப்பீங்க சேர்?"

அவருக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"தொட்டித் தண்ணியிலதான் கெடந்துச்சு சேர். காய விடாம, ஈரமாத்தான் கொண்டாந்தேன். கழிச்சிட்டுச் சொன்னீங்கன்னா எழுதிக்குவேன்."

அவள் நையாண்டி செய்யவில்லை. முறைப்பாடும் செய்யவில்லை. பஸ்ஸுக்கு நேரம் கேட்கிற மாதிரிக் கேட்டாள். அந்த மலையில் தராசு பிடித்த ஒவ்வொருவன் மேலும் எனக்கு அப்போது வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

"இங்க கழிக்கிறதில்லக்கா. முழுசா எழுது" என்றேன்.

அவள் எழுதவில்லை. சேரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் தலையை ஆட்டிய பிறகுதான் எழுதினாள்.